வீட்டை இழுத்துக்கொண்டு மலைக்கா?

மேல்நாட்டார் படுக்கை, அடுப்போடு கூடிய டிரெய்லரைக் காருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு காடு மலையெல்லாம் சுற்றுகிறார்கள். நம் நாட்டுக்கும் அது வரட்டும் என்கிறார்கள் என் வகுப்பு நண்பர்கள். சமவெளியில் வரட்டும், சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் திம்பம் மலைப்பாதையில் வேண்டாம் என்பேன் நான்.

அங்கே கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 27. நீண்ட லாரி ஒன்று வளைவில் சிக்கினால் மேலும் கீழும் பல மணி நேரம் வண்டிகள் நிற்கும். லாரிக் கரும்பின் ருசி கண்ட யானைகள் சாலைக்கே வந்துவிடும். யானை எதிரே நின்றால் பின்வாங்குவதுதான் வழி. டிரெய்லரோடு பின்வாங்குவது லேசா? ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடப்புறம் போகும்! கரும்பு டிராக்டர் ஓட்டும் என் தந்தை ஆலை வாசலில், சமதரையில், பட்டப்பகலில் இதற்குப் படும் பாட்டைக் கண்டிருக்கிறேன். இறக்கத்தில் பின்பாரம் முன்வண்டியைத் தள்ளும் என்பதை, இயற்பியல் வகுப்புக்கு முன்பே எனக்குச் சொன்னவரும் பள்ளிக்கூடம் அதிகம் போகாத அவரே.

விலங்குகள் அடிபட்டுச் சாவதால் 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை விதித்தது. உறங்குவதற்கென்றே வீட்டை இழுத்து வருபவர், இருட்டிய பின் அதை எங்கே நிறுத்துவார்?

டிரெய்லரைச் சத்தியமங்கலத்திலேயே விட்டுவிட்டு அரசுப் பேருந்தில் ஏறுங்கள், நண்பர்களே. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் யானையையும் பார்க்கலாம்.