தையல் தாங்குமா?



அப்புத்தளையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பந்து விளையாடும்போது மகனின் முழங்கால் திருகி, உள்ளே நார் அறுந்துவிட்டது. தொடையிலிருந்து வேறு நார் எடுத்து வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். “நூலால் தைத்த கால் எங்கள் மேடு பள்ளங்களைத் தாங்குமா? பிள்ளை இனி ஸுஜூது செய்ய முடியுமா?” என்று கேட்கிறார்.

முழங்காலின் நடுவே இரண்டு நார்கள் கத்தரிக்கோல் விரித்ததுபோலக் குறுக்கிட்டு நிற்கின்றன. முன்னால் உள்ளது அறுந்தால், சட்டென்று திரும்பும்போது கால் நிலை தவறும். அறுந்ததை அப்படியே சேர்த்துத் தைத்தால் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. ஆகவே தொடையின் பின்புறமுள்ள இரண்டு தசைநார்களை எடுத்து, மடித்து நாலு புரியாக்கி, எலும்பில் துளையிட்டு உள்ளே இழுத்து இறுக்குகிறார்கள். இழுக்கவும் பிடிக்கவும் நாரின் நுனிகளில் தையல் வேண்டும்.

தையல் தெரிந்த உங்களுக்கு இதிலுள்ள சிக்கல் உடனே விளங்கும். துணியில் ஊடும் பாவும் உண்டு. ஊசி எங்கே குத்தினாலும் குறுக்கிழை பிடித்துக்கொள்ளும். தசைநாரிலோ இழைகள் வாழைநார் போல நீளவாக்கில் ஓடுகின்றன. சும்மா குத்தி இழுத்தால் நூல் நாரைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

இதற்கு இரண்டு தையல்கள் அதிகம் வழக்கில் உள்ளன. ஒன்று சுற்றுத் தையல். துணியின் ஓரம் பிரியாமலிருக்கச் சுற்றிச் சுற்றி எடுப்போமே, அதே மாதிரி. சீக்கிரம் முடியும்; ஆனால் இழுக்கும்போது சற்று நழுவிக் கொடுக்கலாம். மற்றது பூட்டுத் தையல். 1986 இல் அமெரிக்க டாக்டர் கென்னத் கிராக்கோவும் அவரது தோழர்களும் வெளியிட்டது. பொத்தான் துளைக்குப் போடுவதுபோல ஒவ்வொரு சுற்றும் தன்னையே பூட்டிக்கொள்ளும். இழுக்க இழுக்க நாரை இறுக்கிப் பிடிக்கும். தைக்க நேரம் கூடுதலாகும்.

சுற்றுகள் கூடினால் பலமும் கூடும் என்று நினைப்போம். 2006 இல் வெளியான ஓர் ஆய்வில் இழுத்துப் பார்த்தபோது, பூட்டுகளைக் கூட்டியதால் பெரிய பயன் இல்லை; இரண்டாவது நூல் சேர்த்தபோதே பலம் கூடியது. தையலைத் தெரிவு செய்வது டாக்டரின் வேலை. நாரில் ஊசி குத்தவே முன்னோர் அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. அந்தக் காலத்தில் அறுந்த நாரைத் தைக்கலாம் என்று சொன்னவராக மருத்துவ வரலாறு இப்னு ஸீனாவை நினைவுகூர்கிறது.

ஆனால் சகோதரியே, எந்தத் தையலும் தொடக்க மாதங்களுக்குத்தான் காவல். அதன்பின் எலும்போடு நாரை ஒட்டவைப்பது உடம்பு. வைத்த நார் முதலில் பலம் குறைந்து, பிறகே புது இரத்த ஓட்டம் பெற்றுத் தேறுகிறது. ஆறாவது வாரம் முதல் மூன்றாம் மாதம் வரை அது மிகவும் பலவீனமாயிருக்கும். அந்த நேரத்தில்தான் நோவும் வீக்கமும் குறைந்து, “எனக்குச் சுகம்” என்று பிள்ளை எழுந்து ஓடப் பார்ப்பான். தடுக்க வேண்டியவர் நீங்கள்தான். ஒன்பது மாதம் கழியாமல், டாக்டரும் சம்மதிக்காமல் பந்து வேண்டாம். மழை நாளில் வழுக்கும் படிகளில் தனியாக விடாதீர்கள். எண்ணெய் போட்டு உருவிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். பதுளைக்குக் கிளினிக் போய்வருவது அலைச்சல்தான். ஆனாலும் சொல்லித் தரும் பயிற்சியை வீட்டில் நாள் தவறாமல் செய்விப்பது உங்கள் கையில் இருக்கிறது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, புண்ணில் நீர் வடிந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஸுஜூதைப் பற்றி ஒரு சொல். முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாரை எடுத்து வைப்பதும் உண்டு; அப்படிச் செய்தவர்களுக்கு முழந்தாளிடும்போது நோவு அதிகம் காணப்படுகிறது. ஐவேளை தொழும் பிள்ளை என்பதை ஒப்பரேசனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கால் மடங்கும்வரை கதிரையில் அமர்ந்து தொழலாம். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை அது. பயிற்சியை ஒழுங்காகச் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு முழங்கால் திரும்பவும் நன்றாக மடங்குகிறது.

நூலைப் பற்றிப் பயப்படாதீர்கள், தாயே. பிள்ளையின் அவசரத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.