மூளை இல்லையென்றால் மட்டமா?



"உனக்கு மூளையே கிடையாதா?" பிள்ளைகளைத் திட்டும்போது நம் வீடுகளில் சர்வசாதாரணமாக வரும் வார்த்தை இது. உண்மையிலேயே மூளை இல்லாத ஒரு உயிரைப் பற்றி இன்று கொஞ்சம் சொல்கிறேன்.

ஜெல்லி மீன். குழியுடலிகள் என்று படித்தோமே, அந்தத் தொகுதி. இதற்கு மூளை, இதயம், எலும்பு எதுவும் இல்லை. ஆனாலும் குடையைச் சுருக்கிச் சுருக்கி அழகாக நீந்தும். யார் கட்டளையிடுகிறார்கள்?

1870களில் ஜார்ஜ் ரொமானிஸ் என்ற அறிஞர் ஸ்காட்லாந்து கடற்கரையில் இதைச் சோதித்தார். சில வகைகளில் குடையின் விளிம்பை மட்டும் வெட்டி எடுத்ததும் குடை அசைவற்றுப் போனது. வெட்டிய விளிம்போ தொடர்ந்து துடித்தது. கட்டளை விளிம்பில் உள்ள நரம்புகளிலிருந்துதான் வருகிறது என்று புரிந்தது.

அதைவிட வியப்பானது வடக்கே குளிர்ந்த கடல்களில் வாழும் அக்லாந்தா. விரல் நுனி அளவுதான் இருக்கும். அதன் நீந்தும் தசைகளுக்குச் செல்லும் நரம்பிழைகள் எட்டு. நரம்புச் செய்தி என்பது மின்துடிப்பு என்று படித்திருக்கிறோம். இந்த இழையில் இரண்டு வகைத் துடிப்புகள் ஓடுகின்றன. கால்சியம் அயனிகளால் எழும் சிறிய துடிப்பு வந்தால் தசை மெல்லச் சுருங்கும், நிதானமாக நீந்தும். ஏதாவது வந்து இடித்தால் சோடியம் அயனிகளால் பெரிய துடிப்பு வேகமாக ஓடும்; தசை பலமாகச் சுருங்கி, பாய்ந்து தப்பிவிடும். ஒரே கம்பியில் இரண்டு செய்தி! ஜார்ஜ் மேக்கி, ராபர்ட் மீச் என்ற இருவர் 1985இல் இதை வெளியிட்டார்கள்.

இப்படிப்பட்ட உயிரைக் 'கீழ்நிலை உயிரி' என்று சொல்லிக்கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. உடல் அமைப்பு எளிமையானது என்று சொல்லலாம், அது சரி. கீழே, மேலே என்று வரிசை கட்டியதும் பிள்ளைகள் அந்த உயிரைக் கவனிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். தொகுதியின் பெயரை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்குவதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பலர் பெற்றோர்கள். "இது எந்தத் தொகுதி?" என்று கேட்பதற்கு முன் "மூளை இல்லாமல் இது எப்படி நீந்துகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகூட ஏதாவது யோசித்துச் சொல்லும். தவறாகச் சொன்னாலும் பரவாயில்லை, சொல்லட்டும். அந்த நேரத்தில் மட்டும் தயவுசெய்து "மூளை இருக்கா?" என்று கேட்டுவிடாதீர்கள்.