விமான நிலையத்தில் நம் பிள்ளைகள்

எங்கள் பக்கத்து ஊர்க் காலனித் தம்பி ஒருவர் பெருநகர விமான நிலையம் ஒன்றில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறார். பி.ஏ. படித்தவர். சித்திரைத் திருவிழாவுக்கு வைத்த பேனரில் அவர் பெயருக்குக் கீழே ‘விமான நிலைய ஊழியர்’ என்று போட்டிருந்தார்கள். பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒன்பது ஆண்டு வேலைக்குள் மூன்று ஒப்பந்தக்காரர்கள் மாறிவிட்டார்கள். மாறும்போதெல்லாம் கழுத்தில் தொங்கும் நுழைவு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியவரிடம் விண்ணப்பிக்க வேண்டும். விமானம் நிற்கும் இடமும் தூக்கும் பெட்டியும் தூக்குகிற ஆளும் மாறவில்லை. பணிக்காலம் மட்டும் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குகிறது.

அந்த அட்டைக்குக் காவல்துறைச் சரிபார்ப்பும் வேண்டும். ஊர்த் தகராறில் நம் பையன்கள் மீது எதிர்வழக்கு எவ்வளவு எளிதாகப் பதிவாகிறது என்பதை இந்தப் பகுதியைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விமானத் துறையில் ஒப்பந்தத் தொழிலாளர் வழக்கு துடைப்பத்திலிருந்துதான் பெரிதானது. ஒப்பந்தத் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் 1970இல் சட்டம் வந்தது. அதன்கீழ், 1976 டிசம்பர் 9 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தன் அதிகாரத்துக்கு உட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களில் கூட்டுதல், துடைத்தல், காவல் காத்தல் ஆகிய வேலைகளுக்கு ஒப்பந்த ஆட்களை வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். இருந்தும் அரசுடைமையாக இருந்த ஏர் இந்தியா ஒப்பந்தக்காரர் மூலமாகவே ஆள் வைத்துக்கொண்டிருந்தது. யுனைடெட் லேபர் யூனியன் என்ற சங்கம் பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1996இல் நீதிபதி கே. ராமசாமி உள்ளிட்ட மூவர் அமர்வு தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டால், அதில் வேலை செய்தவர்களை முதன்மை நிறுவனமே தன் ஊழியராக ஏற்க வேண்டும் என்றது. துடைப்பம் பிடித்தவர்களுக்காக ஒரு சங்கம் நடத்திய வழக்கு, நாட்டின் எல்லா ஒப்பந்தத் தொழிலாளருக்கும் சட்டமானது.

ஐந்து ஆண்டுகூட நிலைக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 30 அன்று, இந்திய எஃகு ஆணைய வழக்கில் ஐவர் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஒப்பந்த முறையைத் தடை செய்தாலும் வேலை தானாக நிரந்தரமாகாது. 1976 அறிவிக்கையும் செல்லாது. ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று தொழிலாளி கருதினால் தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபிக்க வேண்டும் என்றது.

அடுத்த அடி 2020இல் வந்த தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்த முறை கூடாது என்கிறது. நல்ல செய்திதானே என்று தோன்றும். எது மையப் பணி அல்ல என்ற பட்டியலைப் பாருங்கள்: கூட்டுதல், துடைத்தல், குப்பை அகற்றுதல், காவல், உணவகம், வளாகத்துக்குள் சுமை ஏற்றி இறக்குதல். அந்த வேலைக்கென்றே தொடங்கிய நிறுவனமாக இருந்தால் ஒழிய, இவையெல்லாம் மையத்துக்கு வெளியே. நம் மக்கள் எந்த வேலைகளில் இருக்கிறார்களோ அவற்றைத் தேடிப்பிடித்து எழுதியது போல இருக்கிறது. கழிவறை நாறினால் ஒரு நாள்கூட ஓட முடியாத விமான நிலையத்துக்குத் துப்புரவு எப்படி மையப் பணி இல்லாமல் போகும்?

நிரந்தர வேலை சுருங்கினால் இடஒதுக்கீடும் கூடவே சுருங்குகிறது. 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா குழுமத்தின் கைக்குப் போனது. அன்றோடு அங்கே ஆள் எடுப்பதில் பட்டியல் சாதி, பழங்குடி இடஒதுக்கீட்டுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. அரசு நிறுவனமாக இருந்தபோது ஊதியம், பதவி உயர்வு கேட்டு ஊழியர்கள் போட்ட வழக்குகளிலும், அது தனியாராகிவிட்டதால் ரிட் மனு செல்லாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பிரதமர் 2024 ஜனவரியில் திறந்து வைத்தார். மக்கள் பணத்தில் கட்டியது. ஆனால் 2021இல் அறிவித்த பணமாக்கல் திட்டப் பட்டியலில் சென்னை, கோவை, மதுரையோடு திருச்சியும் இருக்கிறது. துப்புரவுக்கு ஆள் எடுக்கும்போது இடஒதுக்கீட்டை எதிர்த்து யாரும் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சங்கங்களிடம் நமக்குக் கோபம் உண்டு. விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் நிரந்தர ஊழியர்களுக்கும் தனித்தனிச் சங்கங்கள் இருக்கின்றன. பெட்டி தூக்குகிறவரை உறுப்பினராகச் சேர்க்க எத்தனை பேர் வருகிறார்கள்? 1928 பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் எழுப்பியதும் இதே கேள்விதான். கூலி கூடுதலாகக் கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களுக்கு இடமில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும் என்பது காரணம். அந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையில் சேருங்கள் என்று அவர் சங்கத்தை வற்புறுத்தினார். அதற்காகச் சங்கமே வேண்டாம் என்று அவர் ஒதுங்கிவிடவில்லை. 1938 நவம்பரில், தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தியவரும் அவரே.

ஒப்பந்தக்காரரைத் தாண்டிப் பேச முடியும் என்பதற்கு நெதர்லாந்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கொரோனாவில் ஆட்களைக் குறைத்த ஐரோப்பிய விமான நிலையங்கள் 2022இல் கூட்டம் திரும்பியபோது திணறின. ஏப்ரலில், தங்கள் வேலையை வெளி நிறுவனத்துக்குக் கொடுப்பதை எதிர்த்து ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் பெட்டி தூக்குவோர் திடீரென வேலையை நிறுத்தினார்கள். பிறகு எஃப்.என்.வி. உள்ளிட்ட சங்கங்கள் விமான நிலைய நிர்வாகத்தோடு நேரடியாக உட்கார்ந்து பேசின. துப்புரவு, பாதுகாப்பு, சுமைப் பணியாளர்கள் பலரும் வெளி நிறுவனங்களின் ஆட்கள்தான். ஆனாலும் அந்தக் கோடைக்கு அவர்களுக்கு மணிக்கு 5.25 யூரோ கூடுதலாகக் கிடைத்தது. அது சில மாதத்துக்கான தொகைதான், நிரந்தரத் தீர்வு அல்ல. ஆனால் பணம் யார் பெட்டியில் இருக்கிறதோ அவர்களிடமே கேட்டார்கள். இங்கே சங்கங்கள் அதைக் கேட்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறினாலும் பணிக்காலம் தொடர வேண்டும் என்பதை டெண்டர் நிபந்தனையிலேயே எழுதவைக்க வேண்டும்.

தீர்ப்பாயம் போகும் நாள் வந்தால் சான்றுதான் பேசும். சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, பணி நேர அட்டவணை, மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் உத்தரவு எல்லாவற்றையும் சேர்த்து வைக்கச் சொன்னேன். “முதல் ஒப்பந்தக்காரர் சீட்டே கொடுத்ததில்லை அண்ணே” என்றார் தம்பி. வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பதிவு இருக்கும். ஒன்பது ஆண்டுக்கும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.