தரகர் மாறினார், தராசு மாறவில்லை!

கலியாணத் தரகரின் கைப்பையிலே சாதகக் குறிப்புகள் ஊர் ஊராய்ப் பயணஞ் செய்த காலம் ஒன்றிருந்தது. பின்னர் பத்திரிகைகளின் மணமகன் தேவை, மணமகள் தேவை விளம்பரங்கள் அவ்வேலையிற் பங்கு கொண்டன. இன்றோ, வடபுலத்துக் கமக்காரரின் மகளுடைய படமும் சாதகமும் இணையத்தின் வழியே நொடிப்பொழுதில் இலண்டனையும் ரொறன்ரோவையும் எட்டிவிடுகின்றன.

இம்மாற்றம் நமக்கு மட்டும் உரியதன்று. துணை தேடுவதற்கு இணையம் நல்ல வழியென ஏற்றுக்கொண்ட அமெரிக்க இணையப் பாவனையாளர் 2005இல் நூற்றுக்கு 44 பேர். 2013இல் அத்தொகை 59 ஆக உயர்ந்ததென்று பியூ ஆய்வு நிலையம் கணித்தது. 2017இல் அந்நாட்டில் சந்தித்து இணைந்த ஆண்-பெண் சோடிகளில் ஏறத்தாழ 39 சதவீதத்தினர் இணையத்திலேயே அறிமுகமானவர்கள் என்பதை ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து மைக்கேல் ரோசன்பெல்ட் குழுவினரின் ஆய்வு 2019இல் வெளியிட்டது. ஒரு காலத்தில் வெட்கமென மறைக்கப்பட்டது, ஒரு தலைமுறைக்குள் வழக்கமாகிவிட்டது.

நம்மவர் மனப்பான்மையும் மாறத்தான் செய்கிறது. ஆனால் அம்மாற்றம் அரைகுறையானது. திருமணத் தளத்திலே மகளின் விபரங்களைத் தந்தையார் பதிந்தால் அது பெற்றவர் கடமை. அதே கைபேசியில் மகள் தானாக ஒருவரை அறிந்து, மனமொப்பி, வீட்டிலே வந்து சொன்னால் அது குடும்பத்துக்கு இழுக்கு! கருவி ஒன்று, தீர்ப்போ இரண்டு. ஆகவே நாம் அஞ்சுவது இணையத்தை அன்று, பெண்ணின் தெரிவையே அஞ்சுகிறோம் என்பது வெளிப்படை.

தளங்களுக்குள்ளே புகுந்து பார்ப்போமாயின் பழைய தராசே அங்கும் தொங்குவதைக் காணலாம். சாதியின் பெயரால் ஒருவர்மீது சமூகக் குறைபாடுகளைச் சுமத்துவதைக் குற்றமாக்கும் சட்டம் இந்நாட்டில் 1957இல் நிறைவேறியது. எனினும் திருமணத் தளங்கள் பலவற்றிலே சாதிக்கென்று தனிக்கட்டம் ஒன்றுண்டு. அதனை நிரப்பும் கரங்கள் நம்முடையவையே. சீதனத்தின் கதையும் இதுவே. ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்டு 1707இல் சட்டவலுப் பெற்ற தேசவழமை, சீதனத்தைப் பெண்ணுக்குரிய சொத்தாகக் கொண்டது. அதன்மேல் 'நன்கொடை' என்ற பெயரிலே மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் பணமோ அவள் கையிற் சேர்வதில்லை. அதற்காகத் தோட்டக் காணியை ஈடுவைக்கும் கமக்காரருக்கு, பேச்சுக்கால் தரகர் வழி வந்தாலென்ன, இணையத்தின் வழி வந்தாலென்ன?

இணையத்திலே வஞ்சகர் இல்லையோ எனக் கேட்பர். உண்டு. பொய்ப் பெயரும் பிறர் படமும் காட்டி அன்பு பேசி, பின்னர் சுங்கக் கட்டணம் என்றும் வைத்தியச் செலவு என்றும் பணம் பறிப்போர் உலகெங்கும் உளர். முன்னைய விவாகத்தை மறைப்போரும் உளர். ஆனால் இவ்வஞ்சகர்களுக்கு வாய்த்த பெருந்துணை எது? வீட்டாரின் ஏச்சுக்கு அஞ்சி, இளையோர் காக்கும் இரகசியமே! வீட்டிலே வாய்திறக்க முடியாத பெண்ணே தனித்து நின்று ஏமாறுகிறாள். மிரட்டலுக்கும் அவளே இரையாகிறாள். கண்டிப்பு காவல் என எண்ணுவோர் இதனை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

பெற்றோருக்கு இதிலே பணியில்லை என்று நாம் சொல்லவில்லை. முன்னிலும் பெரிய பணி உண்டு. வெளிநாட்டு மாப்பிள்ளையின் தொழில் யாது, குணம் யாது, முன்னர் மணம் முடித்தவரா, பிரிந்திருப்பின் சட்டப்படி பிரிந்தாரா என்பவற்றை அங்குள்ள உறவினர் மூலமும் ஆவணங்கள் மூலமும் தீர விசாரித்தல் வேண்டும். நேரிற் காணுமுன் ஒரு சதமேனும் அனுப்பலாகாது. முதற் சந்திப்பு பலர் நடமாடும் இடத்திலே, வீட்டார் அறிய நிகழட்டும். இவ்வளவும் செய்தபின், 'ஆம்' அல்லது 'இல்லை' என்னும் இறுதிச் சொல் வாழப்போகின்றவருக்கே உரியது.

கற்றோரே, கமக்காரப் பெருமக்களே! இன உரிமை கேட்டு மேடையில் முழங்கும் சமுதாயம், தன் வீட்டுப் பெண்ணின் உரிமையை வாசற்படியிலே நிறுத்திவைக்கலாமா? சாதிக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். நன்கொடைப் பேச்சை முதல்நாளே மறுத்துவிடுங்கள். பிள்ளைகள் அஞ்சாது பேசும் வீடாக உங்கள் வீட்டை ஆக்குங்கள். தரகரை மாற்றத் துணிந்த நாம் தராசையும் மாற்றத் துணிவோமாக!