ஏட்டுச் சுரைக்காயும் எண்ணெய்ப் பதிவேடும்

எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதினால் உலகமே அலறுகிறது. கறுத்த அலைகள், தார் பூசியது போல நிற்கும் பறவைகள், வாளியோடு கரையில் குனிந்திருக்கும் மக்கள் என்று ஒரு வாரத்துக்குத் தொலைக்காட்சியில் அதே படம்தான். 1967-இல் கார்ன்வால் கரையில் 'டோரி கேன்யன்', 1989-இல் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டீஸ்', 2002-இல் ஸ்பெயின் அருகே 'பிரெஸ்டீஜ்' என்று பெயர்களை ஒப்பிப்பவர்களும் உண்டு.

ஆனால் மோதாமல், மூழ்காமல், சத்தமே இல்லாமல் நடுராத்திரியில் எண்ணெயைக் கடலில் விட்டுவிட்டுப் போகும் கப்பல்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் 2003-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. 1990-களில் உலகம் முழுக்க டேங்கர் விபத்துகளால் கடலில் கொட்டிய எண்ணெய் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் டன். கப்பல்களின் அன்றாட இயக்கத்தில், அனுமதிக்கப்பட்டதும் திருட்டுத்தனமானதும் சேர்த்து, கடலில் கலந்ததோ சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் டன்! விபத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். இந்த இரண்டாவது கணக்குக்குக் காவலாக உலகம் வைத்திருப்பது என்ன தெரியுமா? ஒரு நோட்டுப் புத்தகம்.

கப்பலின் அடிவயிறு

எந்தக் கப்பலானாலும் எஞ்சின் அறையின் அடியில் ஒரு பள்ளம் உண்டு. பில்ஜ் என்பார்கள். பம்புகளில் கசியும் நீர், குழாய்களில் சொட்டும் எண்ணெய், கழுவிவிட்ட தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். இது தவிர, கப்பல் எரிக்கும் கனமான எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கசடு பிரியும். அதன் பெயர் ஸ்லட்ஜ். எரிபொருளில் 1 முதல் 1.5 சதவீதம் வரை கசடாகும் என்பது பொதுவாகப் போடப்படும் கணக்கு. நாளொன்றுக்கு 40 டன் எரிக்கும் கப்பலில் தினமும் 400 முதல் 600 கிலோ. இருபது நாள் பயணம் முடிந்து கரைக்கு வரும்போது 8 முதல் 12 டன்!

இதை என்ன செய்வது? 1973-இல் உருவாகி, 1978-இல் திருத்தப்பட்டு, 1983 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த 'மார்போல்' உடன்படிக்கை வழி சொல்கிறது. பில்ஜ் நீரை ஒரு பிரிப்பானில் விட்டு எண்ணெயைப் பிரிக்க வேண்டும். பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாத நீரை மட்டுமே, அதுவும் கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது, கடலில் விடலாம். அளவு மீறினால் ஒரு கருவி அலாரம் அடித்து வெளியேற்றத்தை நிறுத்திவிடும். கசடைக் கப்பலிலேயே எரிக்க வேண்டும், அல்லது துறைமுகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும்.

இத்தனையையும் எழுதி வைக்க வேண்டிய இடம்தான் ஆயில் ரெக்கார்டு புக், அதாவது எண்ணெய்ப் பதிவேடு. 400 டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள எல்லாக் கப்பலிலும், 150-க்குக் குறையாத டேங்கர்களிலும் இது கட்டாயம். கசடுக்கு 'சி', பில்ஜ் வெளியேற்றத்துக்கு 'டி', கருவி பழுதானால் 'எஃப்', விபத்தாகக் கொட்டினால் 'ஜி' என்று எழுத்துக் குறியீடுகள் உண்டு. எந்தத் தேதி, எந்தத் தொட்டி, எத்தனை கன மீட்டர், கப்பல் அப்போது எங்கே இருந்தது எல்லாம் எழுத வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பான அதிகாரி கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்துக்கும் கேப்டன் கையெழுத்து. கடைசிப் பதிவிலிருந்து மூன்று வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எந்தத் துறைமுகத்திலும் அதிகாரிகள் ஏறி வந்து பார்க்கலாம், நகல் எடுக்கலாம், அதை நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்கலாம்.

படிக்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுகிறதா?

எழுதுவது யார்?

ஓட்டை இங்கேதான். குற்றம் செய்யக்கூடியவர் யாரோ, அவரே பேனாவைப் பிடிக்கிறார். திருடனிடமே காவல் நிலைய டைரியைக் கொடுத்து, "இன்று என்னென்ன நடந்தது என்று நீயே எழுதிவிடப்பா" என்று சொல்வது போல. நடுக்கடலில் பார்ப்பதற்கு வேறு ஆள் யார்?

பிரிப்பானைத் தாண்டிச் செல்ல ஒரு குழாய் போதும். இரண்டு பக்கமும் பொருத்தினால் கசடு நேராகக் கடலுக்குப் போய்விடும். துறைமுகம் நெருங்கும்போது கழற்றி மறைத்துவிடலாம். கப்பல்காரர்கள் இதற்கு வைத்த செல்லப் பெயர் 'மேஜிக் பைப்'. இன்னொரு வித்தையும் உண்டு: எண்ணெய் அளவைப் பார்க்கும் கருவிக்குள் சுத்தமான தண்ணீரை ஓடவிடுவது. கருவி தண்ணீரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் எண்ணெய் போய்க்கொண்டிருக்கும்!

1994 அக்டோபரில் போர்ட்டோ ரிக்கோ அருகே அமெரிக்கக் கடலோரக் காவல் விமானம் ஒன்று, 'சாவரின் ஆஃப் தி சீஸ்' என்ற உல்லாசக் கப்பலின் பின்னால் எண்ணெய்ப் படலம் நீண்டு கிடப்பதைக் கண்டது. கப்பல் ராயல் கரீபியன் நிறுவனத்துடையது. விசாரணையில் அந்த நிறுவனத்தின் எஞ்சினியர்கள் எண்ணெய்ப் பதிவேட்டைத் தங்களுக்குள் 'எவென்டிர்போக்' என்று அழைத்தது தெரிய வந்தது. நார்வே மொழியில் அதற்குத் 'தேவதைக் கதைப் புத்தகம்' என்று பொருள். நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1998-இல் 90 லட்சம் டாலரும், 1999-இல் மேலும் 1 கோடியே 80 லட்சம் டாலரும் அபராதம் கட்டியது.

அதோடு மற்றவர்கள் திருந்தினார்களா? 2013 ஆகஸ்டில் 'கரீபியன் பிரின்சஸ்' கப்பலில் புதிதாகச் சேர்ந்த ஓர் எஞ்சினியர், இங்கிலாந்துக் கரையருகே மேஜிக் பைப் வழியாகக் கழிவு கொட்டப்படுவதைப் பார்த்தார். சவுத்தாம்ப்டன் வந்ததும் வேலையை விட்டு இறங்கி, அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். கப்பல் நியூயார்க் போய்ச் சேருவதற்குள் குழாய் கழற்றப்பட்டிருந்தது. பொய் சொல்லும்படி கீழே உள்ளவர்களுக்கு உத்தரவும் போயிருந்தது. ஆனாலும் உண்மை வெளியே வந்தது. 2005-இலிருந்தே அந்தக் கப்பலில் இந்தத் திருட்டு நடந்திருந்தது. 2016 டிசம்பரில் பிரின்சஸ் நிறுவனம் குற்றத்தை ஏற்று 4 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. கண்காணிப்புக் காலத்திலும் நிபந்தனைகளை மீறியதால், 2019-இல் இன்னொரு 2 கோடி டாலர்!

அப்படியானால் பதிவேடே வேண்டாமா?

"இவ்வளவு பொய் எழுதப்படும் புத்தகத்தால் என்ன பிரயோஜனம், தூக்கிப் போட வேண்டியதுதானே" என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் தப்பு. இந்தப் புத்தகம் உண்மையைச் சொல்வதால் மட்டும் பயன்படவில்லை. பொய் சொல்லும்போதும் பயன்படுகிறது!

நடுக்கடல் எந்த நாட்டு நீதிமன்றத்துக்கும் சொந்தமில்லை. அங்கே எண்ணெய் கொட்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டியது கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டிருக்கிறதோ அந்த நாடு. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் என்று முதலாளிக்கு வசதியான கொடிகள் எத்தனையோ இருக்கின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு கொடி கொடுத்த நாடு, தன் வாடிக்கையாளரை எவ்வளவு தூரம் துரத்தும்?

ஆனால் பொய்ப் பதிவேட்டோடு அந்தக் கப்பல் வேறொரு நாட்டுத் துறைமுகத்துக்குள் நுழைந்தால், குற்றம் அந்த நாட்டு எல்லைக்குள்ளேயே நடக்கிறது. 2008-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று ஒரு சீஃப் எஞ்சினியரின் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது: பதிவேட்டைச் சரியாகப் பராமரிக்கும் கடமை, கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதும் உண்டு. பல ஆயிரம் மைலுக்கு அப்பால் கொட்டிய எண்ணெயைத் தொட முடியாத சட்டம், கையில் இருக்கும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டது!

அது மட்டுமல்ல, பொய்க்கும் கணக்கு உண்டு. எரித்த எரிபொருளுக்கு இவ்வளவு கசடு வர வேண்டும். அதில் இவ்வளவு எரிக்கப்பட்டது என்றால் எரிகலன் இத்தனை மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். மீதிக்குத் துறைமுக ரசீது இருக்க வேண்டும். தொட்டிகளின் மட்டத்தை எஞ்சின் அறையில் தினமும் அளந்து எழுதும் குறிப்பு வேறு இருக்கும். இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், கூட்டல் கழித்தல் தெரிந்த அதிகாரி ஒருவர் போதும். உண்மையை ஒருமுறை எழுதினால் போதும். பொய்யை நாலு இடத்தில் ஒரே மாதிரி எழுத வேண்டும்!

"எழுத்துப் பிழைக்கு ஜெயிலா?"

கப்பல் முதலாளிகள் தரப்பு அடிக்கடி சொல்லும் வாதம் இது. ஏதோ குமாஸ்தா வேலையில் நடந்த தவறைக் கிரிமினல் குற்றமாக்கி மாலுமிகளை வதைக்கிறார்களாம். தேதி மாறி எழுதுவது எழுத்துப் பிழை, சரி. நள்ளிரவில் குழாய் மாட்டி, விடிவதற்குள் கழற்றி, ஓடாத பிரிப்பான் ஓடியதாக எழுதுவது எந்த ஊர் எழுத்துப் பிழை?

நியூஃபவுண்ட்லாந்தின் தென்கிழக்குக் கடலில் மட்டும் கப்பல்களின் இப்படிப்பட்ட சட்டவிரோதக் கழிவால், 1998 முதல் 2000 வரை, ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் கடற்பறவைகள் செத்ததாகக் கனடிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நாணய அளவு எண்ணெய் ஒட்டினால் போதும். இறகின் நீர்புகாத் தன்மை போய்விடும். பனிக்கடலின் குளிர் உடம்புக்குள் ஏறும். பறவை விறைத்துச் சாகும். எந்தப் பாறையிலும் எந்தக் கப்பலும் மோதவில்லை, ஆகவே செய்தியும் இல்லை.

இன்னொரு வாதமும் உண்டு: "யாரோ ஒரு கெட்ட எஞ்சினியர் செய்த வேலை, கம்பெனிக்குத் தெரியாது." கசடைத் துறைமுகத்தில் ஒப்படைக்கப் பணம் கட்ட வேண்டும். செலவைக் குறைத்தவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு, எப்படிக் குறைத்தாய் என்று கேட்காமல் இருப்பதற்குப் பெயர் தெரியாமையா? எஞ்சினியர் சேமித்துத் தந்த பணம் அவர் சட்டைப்பைக்கா போனது?

ஆனால் முதலாளிகள் வாயிலிருந்து தப்பித் தவறி வந்த ஒரு நியாயம் இருக்கிறது. மாலுமிகள் வதைபடுகிறார்கள் என்பது உண்மைதான்! இருபத்திரண்டு வயதில் முதல் காண்ட்ராக்டில் ஏறும் இளைஞன், கடன் வாங்கிப் படித்தவன், மேலதிகாரி நீட்டும் குழாயை மாட்ட மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சொன்னால் அடுத்த கப்பல் கிடைக்காது. சொல்லாவிட்டால் கையெழுத்து அவனுடையது. பிடிபட்டால் அந்நிய ஊரில் சாட்சியாக மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். உலகக் கப்பல்களுக்கு அதிகமாக ஆள் அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் சென்னையிலும் மரைன் எஞ்சினியரிங் படிக்கும் பிள்ளைகள் நாளை பிடிக்கப் போகும் பேனா இது.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, கொட்டுவதில் உள்ள லாபத்தை ஒழிக்க வேண்டும். பால்டிக் கடல் நாடுகள் எஞ்சின் அறைக் கழிவுக்குத் தனிக் கட்டணம் வாங்காமல், அதைத் துறைமுகக் கட்டணத்திலேயே சேர்க்கும் முறையை ஏற்றுக்கொண்டன. கசடைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒரே பணம் என்றால், மேஜிக் பைப்பை எவன் மாட்டுவான்?

இரண்டாவது, சொல்பவனைக் காப்பாற்ற வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் தகவல் கொடுத்தவருக்கு அபராதத்தில் பாதி வரை பரிசு உண்டு. 'ஓ.எஸ்.ஜி.' என்ற டேங்கர் நிறுவனத்தின் 3 கோடியே 70 லட்சம் டாலர் வழக்கில், பன்னிரண்டு மாலுமிகளுக்கு ஆளுக்கு 4,37,500 டாலர் கிடைத்தது. 'கரீபியன் பிரின்சஸ்' எஞ்சினியருக்கு 10 லட்சம் டாலர். "காசுக்காகக் காட்டிக்கொடுக்கிறார்கள்" என்று முணுமுணுப்பவர்கள் ஒன்றை யோசிக்கட்டும்: பிழைப்பே போய்விடும் என்று தெரிந்து வாய் திறப்பவனுக்கு நஷ்ட ஈடு வேண்டாமா? இந்த ஏற்பாடு எல்லாத் துறைமுக நாடுகளிலும் வர வேண்டும்.

மூன்றாவது, பேனாவை மட்டும் நம்பக் கூடாது. 2020 அக்டோபர் முதல் மின்னணுப் பதிவேட்டுக்கும் மார்போலில் இடம் உண்டு. நல்லதுதான். ஆனால் காகிதத்தில் எழுதிய பொய்யைக் கணினியில் தட்டினால் அது உண்மையாகிவிடாது! வால்வு திறந்த நேரம், கருவி காட்டிய அளவு, கப்பல் இருந்த இடம் ஆகியவை மனிதக் கை படாமல் பதிவாக வேண்டும். ஐரோப்பிய நாடுகள் 2007 முதல் செயற்கைக்கோள் ரேடார் மூலம் எண்ணெய்ப் படலங்களைத் தேடுகின்றன. அந்தப் படத்தையும் கப்பலின் பாதையையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பெரிய வித்தை அல்ல. மனம்தான் வேண்டும்.

நான்காவது, தண்டனை மேலே போக வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் கேப்டன் கையெழுத்து இருக்கிறது, எஞ்சினியர் கையெழுத்து இருக்கிறது. கழிவுக்குப் பணம் ஒதுக்கும் கரையோர மேலாளரின் கையெழுத்து எங்கே? ஆண்டுக்கு ஒருமுறையாவது "இந்தக் கணக்கைப் பார்த்தேன், சரி" என்று அவரும் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் பார்க்கலாம், எத்தனை கம்பெனிகளுக்கு 'எதுவும் தெரியாது' என்று!

1954-இல் லண்டனில் கையெழுத்தான முதல் எண்ணெய் மாசு உடன்படிக்கையிலேயே இந்தப் பதிவேடு இருந்தது. எழுபது வருடம் கடந்தும் கோடு போட்ட தாள் மாறவில்லை, கையெழுத்துப் போடும் இடம் மாறவில்லை. பதிவேட்டின் மேல் குற்றமில்லை. உண்மையை எழுதினால் வேலை போகும், பொய்யை எழுதினால் சம்பளம் வரும் என்று ஒரு மனிதனை நடுக்கடலில் நிறுத்திவிட்டு, அவனிடம் பேனாவைக் கொடுக்கிறார்களே, அவர்கள் மேல்தான் குற்றம்.

அந்த மனிதன் உண்மையை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் நாள் வரட்டும். அன்று ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்.