மகனின் லேத் மெஷினும் தாயின் கவலையும்



சென்ற மாதம் ஒரு தாய் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகன் இரண்டு வருடமாகச் சேர்த்த பணத்தில் சிறியதொரு லேத் மெஷின் வாங்கினாராம். அதில் கடையும் கம்பி ஒரு முனை பருத்தும் மறுமுனை மெலிந்தும் வருகிறதாம். "பழுதான சாமான், பாதி விலைக்காவது விற்றுவிடுகிறேன் என்கிறான். வாப்பாவோ, அன்றே சொன்னேனே என்கிறார். நான் யார் பக்கம் பேசுவது?" என்று கேட்கிறார்.

அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில், விடுமுறை நாட்களைச் சாச்சாவின் கடைசல் பட்டறையில் கழித்தவன் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: விற்பதற்கு அவசரப்பட வேண்டாம். நீங்கள் புதுத் தையல் மெஷின் வாங்கினால், அன்றே பெருநாள் உடுப்பைத் தைக்கத் தொடங்குவீர்களா? ஒயில் விட்டு, பழந்துணியில் ஓட்டி, நூலின் இறுக்கத்தைச் சரிபார்த்த பிறகுதானே நல்ல துணியை வைப்பீர்கள்? லேத்தும் அப்படித்தான். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அது வேலைக்குத் தயாராக இருப்பதில்லை.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்பிய கொழுப்பை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடையுங்கள். பெற்றோல் வேண்டாம், தீப்பற்றும். துடைத்த இடமெங்கும் மெல்லிய மெஷின் ஒயில் பூசுங்கள். இவ்வகைச் சிறு லேத்தும் சுமார் 40 கிலோ இருக்கும். இருவராகத் தூக்கி, ஆடாத கனமான மேசையில் வையுங்கள்.

கம்பி ஒரு முனையில் பருப்பதற்கு அதிகமாகக் காரணமாவது இந்த மேசைதான். மேசை சமமில்லாதபோது ஆணிகளை இறுக்கினால், மெஷினின் நீண்ட இரும்புப் படுக்கையே மயிரிழையளவு முறுகிவிடும். ஆடும் மேசைக்கால் ஒன்றின் கீழ் நீங்கள் மட்டையை மடித்து வைப்பதில்லையா? அதே வைத்தியம்தான் இங்கும்.

பரிசோதிக்கும் முறை இது. 25 மில்லிமீற்றர் பருமனுள்ள கம்பியைச் சக்கில் பிடித்து, 100 மில்லிமீற்றரளவு வெளியே நீட்டி வையுங்கள். மறுமுனைக்கு முட்டுக் கொடுக்க வேண்டாம். நடுப்பகுதியைச் சற்றுக் குறைத்துக் கடைந்து, இரு முனையிலும் வளையம்போல் கொஞ்சம் விடுங்கள். பிறகு உளியின் ஆழத்தை மாற்றாமல், இரு வளையத்தையும் மிக மெல்லியதாக ஒருமுறை சீவி, மைக்ரோமீற்றரால் அளந்து பாருங்கள். வெளிமுனை பருத்திருந்தால், அந்தப் பக்கத்தின் முன்காலுக்குக் கீழே மெல்லிய தகடு வையுங்கள். மெலிந்திருந்தால் பின்காலுக்கு வையுங்கள். இரண்டும் ஒரே அளவாகும்வரை இறுக்கிச் சீவிப் பார்ப்பதுதான் வேலை. அரை நாள் போகும், பொறுமை வேண்டும்.

இன்னும் இரண்டு விடயம். உளியைத் தாங்கும் சறுக்குப் பலகைகளின் ஓரத்தில் ஒரு மெல்லிய தகடும் அதை இறுக்கும் சிறு ஸ்க்ரூக்களும் இருக்கும். கையால் அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. கைப்பிடியைச் சுற்றினால் இறுகவும் கூடாது. உளியின் நுனி கம்பியின் நடுமட்டத்தில் இருக்க வேண்டும். உளிக்கும் உருண்டைக் கம்பிக்கும் இடையில் இரும்பு அடிமட்டமொன்றை மெல்லப் பிடியுங்கள். அது நேராக நின்றால் சரி. அதன் தலை நம் பக்கம் சாய்ந்தால் உளி தாழ்ந்திருக்கிறது. கீழே தகடு வைத்து உயர்த்துங்கள். அப்பால் சாய்ந்தால் உளி உயர்ந்திருக்கிறது.

இனி, தாய்மாருக்கு முக்கியமானதைச் சொல்கிறேன். தம்பி கடையும்போது தங்கை பக்கத்தில் நின்று பார்ப்பாள். சுழலும் சக்கில் முந்தானை நுனியோ தளர்ந்த கையோ சிக்கினால், இழுத்தெடுக்க நேரமே இராது. முந்தானையை உள்ளே செருகச் சொல்லுங்கள். வளையல், மோதிரம் வேண்டாம். கையுறையும் கூடாது, அதுவும் சிக்கும். கண்ணாடி அணியட்டும். இரும்புச் சுருளை விரலால் பிடிக்கக்கூடாது, அது கத்தி.

சாச்சாவின் பட்டறையில் ஒருநாள், சக்கை இறுக்கும் சாவியை அதிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டேன். சாவி பறந்துபோய்ச் சுவரின் சாந்தைப் பெயர்த்தது. என் தலைக்கு ஒரு சாண் தள்ளி. சாச்சா அடிக்கவில்லை. "சாவி சக்கில் இருக்கும்போது உன் கை அதை விடக்கூடாது" என்று மட்டும் சொன்னார். இன்றும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

எனவே, தாயே, யார் பக்கமும் பேச வேண்டாம். ஒரு விடுமுறை நாளில் வாப்பாவும் மகனும் சேர்ந்து தகடு வைத்துப் பார்க்கட்டும். நீங்கள் தேநீர் ஊற்றிக் கொடுத்து, சாவி எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள்.