மாத்திரைக்கும் பத்தியம் உண்டு!

"அந்த மாத்திரையைப் போட்டா ஒரே குமட்டல் டாக்டர், சோறே இறங்கலை. நிறுத்திட்டேன். நீங்க நல்ல கஷாயமா ஒண்ணு கொடுங்க!"

நுரையீரல் தழும்பு நோய் உள்ளவர்கள் பலர் என்னிடம் இப்படித்தான் வருகிறார்கள். சித்த வைத்தியர் ஆச்சே, 'விட்டது நல்லது' என்பார் என்று நினைக்கிறார்கள். நான் சொல்வதோ நேர் எதிர். நீங்களாக நிறுத்தாதீர்கள்!

பஞ்சு போன்ற நுரையீரல், இந்த நோயில் தழும்பேறி இறுகிப் போகிறது. இறுகிய பகுதி பழையபடி ஆகாது. ஜப்பானில் 2008-லும் அமெரிக்காவில் 2014-லும் அனுமதி பெற்ற 'பிர்ஃபெனிடோன்' நோயை குணமாக்கும் மருந்து அல்ல. இறுகும் வேகத்தைக் குறைக்கும் மருந்து. அதனால் பலன் கண்ணுக்குத் தெரியாது, குமட்டல் மட்டும்தான் தெரியும். சிக்கலே அங்கேதான்!

சித்த மருத்துவத்தில் மருந்தோடு அனுபானமும் பத்தியமும் சேர்த்தே சொல்வோம். இந்த மாத்திரைக்கும் அவை இரண்டும் உண்டு என்பது என் கருத்து.

அனுபானம், வயிறார சாப்பாடு. வெறும் வயிற்றிலோ, ஒரு காபி, இரண்டு பிஸ்கட்டோடோ விழுங்காதீர்கள். பாதிச் சாப்பாட்டில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மீதியைச் சாப்பிட்டால் குமட்டல் குறையும். பசி மந்தமா? இட்லி, குழைந்த சாதம், கஞ்சி என்று கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள்.

பத்தியம், வெயில். இந்த மருந்து சாப்பிடுபவர்களின் தோல் சீக்கிரம் கன்றிவிடும். மொட்டை மாடியில் வடாம் காயப்போடும் வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள். வெளியே போனால் குடை, முழுக்கைச் சட்டை, வெயில் தடுப்பு கிரீம் மூன்றும் வேண்டும். பீடி, சிகரெட் கூடவே கூடாது. ரத்தத்தில் மருந்தின் அளவையே புகை குறைத்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு தாங்கவில்லையா? எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போங்கள். அளவைக் குறைத்தோ, சில நாள் இடைவெளி விட்டோ, மெதுவாக ஏற்றுவார். பலருக்கு நாளாக ஆக உபத்திரவம் தணிந்துவிடும். 14 நாளோ அதற்கு மேலோ விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடரக்கூடாது. மறுபடி குறைந்த அளவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதையும் டாக்டர்தான் சொல்லணும்.

முதல் ஆறு மாதம் மாதந்தோறும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை அவசியம். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ காத்திருக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. 'மூலிகைதானே, என்ன செய்யும்?' என்று நீங்களாகவே எதையும் சேர்க்காதீர்கள். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், வேறு சில மருந்துகள் ரத்தத்தில் கலக்கும் அளவையே மாற்றக்கூடியது. வேலை செய்வதால்தானே அது மருந்து! என்னிடம் வாங்குவதை அவரிடமும், அவர் கொடுப்பதை என்னிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள். எந்த வைத்தியம் பெரிசு என்ற சண்டையை நாங்கள் போட்டுக்கொள்கிறோம். உங்களுக்கு மூச்சுதான் முக்கியம்!